இப்னு கல்தூனும் கூலிக் கணக்கும்

நம்மவர் நடத்தும் இலக்கிய விழா எதுவாயினும் அதில் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் பெயர் ஒருமுறையேனும் ஒலிக்காமல் இருப்பதில்லை. "ஆதம் ஸ்மித்தின் நூல் வெளிவந்தது 1776-இல். நம் இப்னு கல்தூன் முகத்திமாவை எழுதியதோ 1377-இல். நானூறு ஆண்டுக்கு ஓராண்டே குறைய முந்தியவர் நம்மவர்!" என்று பேச்சாளர் முழங்குவார். கைதட்டல் எழும். நூலைத் திறந்து பார்த்தவர் அவையில் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் அன்று.

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் அத்தகைய கூட்டம் ஒன்று நடைபெற்றது. பேச்சாளர் படித்தவர், நல்ல நாவன்மை உடையவர். உழைப்பே செல்வத்தின் மூலம் என்று கண்டவர் இப்னு கல்தூன் என்றார். வரியைக் குறைத்தால் வருவாய் பெருகும் என்று அமெரிக்க அதிபருக்கே பாடம் சொன்னவர் இப்னு கல்தூன் என்றார். முன்வரிசையில் அமர்ந்திருந்த வணிகப் பெருமக்கள் பெரிதும் மகிழ்ந்தனர். அன்றிரவே இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் பரிபாலனக் குழு கூடியது. மோதினார் தம் சம்பளத்தைச் சற்று உயர்த்தித் தருமாறு எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பம் எடுத்துக் கொள்ளப்பட்டது. மாலையில் பலமாகக் கைதட்டிய ஹாஜியார் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "தங்க இடம் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்கு வீடு சாப்பாடு போகிறது. ஃபாத்திஹா ஓதினால் ஹதியா கிடைக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும், ஹஸ்ரத்?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதையே இங்கு எழுதுகிறேன்.

வாசகர்கள் ஒன்றைத் தொடக்கத்திலேயே அறிந்து கொள்வது நன்று. நானும் மாதச் சம்பளம் பெற்றுக் கிதாபு ஓதிக் கொடுப்பவன். கூலியைப் பற்றிய வழக்கில் நடுநிலையாளன் என்று பறைசாற்றிக் கொள்ள எனக்கு உரிமையில்லை. ஆயினும் நூலில் உள்ளதை உள்ளவாறு எடுத்துரைக்க அரபு மொழி தெரிந்தால் போதும்.

இப்னு கல்தூன் 1332-இல் தூனிஸ் நகரில் பிறந்தார். ஃபாஸ், கிரானடா, பிஜாயா எனப் பல அரசவைகளில் பதவி வகித்தார். பதவி இழந்தார், சிறையும் கண்டார். இந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்தபோது எழுதியதே முகத்திமா. பின்னர் எகிப்து சென்று மாலிக்கி மத்ஹபின் காழியாகப் பலமுறை அமர்த்தப்பட்டு, பலமுறை நீக்கப்பட்டு, 1406-இல் கெய்ரோவில் மறைந்தார். பதவி எதைக் கொடுக்கிறது, அது போனால் எது போகிறது என்பதைப் பட்டறிந்தவர் அவர். இதை மனத்தில் கொள்ளாமல் அவருடைய பொருளாதாரப் பகுதிகளைப் படிப்பவர் பாதியையே படித்தவராவார்.

முதலில் உழைப்பும் செல்வமும் பற்றிய கூற்று. முகத்திமாவின் ஐந்தாம் பாபு பிழைப்பு வழிகளைப் பற்றியது. அதன் தொடக்கத்தில் ஆசிரியர் ரிஜ்கு, கஸ்பு என்னும் இரு சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். மனிதன் தன் முயற்சியால் ஈட்டுவது கஸ்பு. அதிலிருந்து தன் தேவைக்குப் பயன்படுத்திக் கொள்வது ரிஜ்கு. ஈட்டப்படும் எதுவும் மனித உழைப்பின் மதிப்பே என்று துணிகிறார். தச்சு வேலையில் மரமும் நெசவில் நூலும் கலந்திருக்கின்றன என்றாலும் உழைப்பின் பங்கே மிகுதி என்கிறார். தானியத்தின் விலையில் உழவனின் உழைப்பு அடங்கியிருப்பது நம் கண்ணுக்குப் படுவதில்லை என்கிறார். ஊற்றுகூடத் தோண்டித் தூர்வாரும் கை இல்லையேல் வற்றிவிடும், கறக்காத மடி வற்றுவது போல என்னும் கருத்தையும் அங்கே காணலாம். அழகான பகுதி. ஐயமில்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ரிகார்டோவுக்கும் மார்க்ஸுக்கும் முன்னோடி என்று சாற்றுவது பொருந்தாது. இரண்டு பண்டங்கள் எந்த விகிதத்தில் மாறுகின்றன, அவ்விகிதத்தை நிர்ணயிப்பது யாது என்பது ரிகார்டோவின் வினா. அவ்வினா இப்னு கல்தூனுடையதன்று. நகரங்களில் உணவு மலிவாகவும் ஆடம்பரப் பொருள் விலை ஏறியும் இருப்பதேன் என்று வேறொரு பாபில் ஆராயும்போது அவர் உழைப்பளவைக் கணக்கிடவில்லை. தேவை எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்றே பார்க்கிறார். ஆகவே 'அவர் சொன்னதையே இவரும் சொன்னார்' என்னும் பேச்சு இருவரையும் படியாதவர் பேச்சு. முன்னோர் பெருமை பேசும் ஆசையில் முன்னோரையே கைநழுவ விடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஏனெனில் அவர் மெய்யாகவே முந்திச் சொன்ன செய்தி ஒன்று அதே பாபில் சில பக்கங்கள் தள்ளி இருக்கிறது. அதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

அதற்கு வருமுன் வரிச் செய்தியை முடித்துவிடுவோம். 1981 அக்டோபர் முதல் நாள் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் அதிபர் ரொனால்ட் ரீகன் இப்னு கல்தூனின் பெயரை எடுத்தது உண்மை. அரசமரபின் தொடக்கத்தில் சிறு வரியால் பெருவருவாய் கிட்டுகிறது, முடிவில் பெருவரியால் சிறுவருவாயே கிட்டுகிறது என்னும் கருத்து மூன்றாம் பாபில் உள்ளதும் உண்மை. ஆனால் எடுத்தாண்டவர் எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். அந்த வரிப் பகுதிக்குச் சில பக்கங்கள் கழித்து, அரசு தன் ஊழியர்களுக்கும் படையினர்க்கும் கொடுக்கும் ஊதியத்தைச் சுருக்கினால் வரி வருவாயும் சுருங்கும் என்று ஒரு தனிப் ஃபஸ்லே இருக்கிறது. அரசே மிகப் பெரிய சந்தை. அங்கிருந்து பணம் வெளியே ஓடாவிட்டால் கடைவீதி மந்தமாகும், மந்தமானால் வரியும் குறையும் என்பது அதன் சாரம். அதற்கடுத்த ஃபஸ்லோ அநீதி நாட்டைப் பாழாக்கும் என்பது. அந்த அநீதிகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்றாக அவர் வைப்பது குடிமக்களைக் கூலியின்றி வேலை வாங்குவதை. உழைப்பையன்றி வேறு முதல் இல்லாதவனிடமிருந்து அந்த உழைப்பைப் பறிப்பது அவன் முழுச் சொத்தையும் பறிப்பதற்குச் சமம் என்கிறார்.

வரிப் பகுதி ஒருவருக்கு மனப்பாடமாகிறது, கூலிப் பகுதி அவர் கண்ணில் படுவதேயில்லை. அதே 1981-இல் ஆகஸ்ட் 3-ஆம் நாள் அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஊதிய உயர்வும் வேலைநேரக் குறைப்பும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 48 மணி நேரக் கெடு விதிக்கப்பட்டது. திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதை அந்நாட்டுச் சட்டம் தடை செய்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு ஜனவரியில் மணிக்கு 3 டாலர் 35 சென்ட் என்று வகுக்கப்பட்ட மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 1990 ஏப்ரல் வரை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. விலைவாசியோ நிற்கவில்லை. இதற்கெல்லாம் இப்னு கல்தூன் பொறுப்பாளி அல்லர். ஆனால் அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அவர் நூலின் எந்தப் பக்கம் யாருக்காகத் திறக்கப்பட்டது என்று பார்க்க வேண்டாமா?

இனி நான் குறிப்பிட்ட அந்தச் செய்திக்கு வருகிறேன். ஐந்தாம் பாபில் 'ஜாஹ்' பற்றிய ஃபஸ்லு ஒன்று உண்டு. ஜாஹ் என்பதற்குப் பதவி என்றும் செல்வாக்கு என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. பிறர் அஞ்சவோ நயக்கவோ செய்யும் நிலை என்று விரித்துரைப்பதே சரி. ஜாஹ் உடையவன் மற்றவனைவிட விரைவில் செல்வனாகிறான் என்பதை எல்லாரும் காண்கிறோம். ஏன் என்று கேட்பவர் இல்லை. இப்னு கல்தூன் கேட்கிறார். ஜாஹ் உடையவனுக்குப் பலர் வலிய வந்து உழைக்கின்றனர். அவன் தயவு வேண்டியும் அவன் சினத்துக்கு அஞ்சியும் உழைக்கின்றனர். கூலி கொடுத்துப் பெற வேண்டிய வேலைகளை அவன் கூலியின்றிப் பெறுகிறான். அவ்வேலைகளின் மதிப்பெல்லாம் அவன் கணக்கில் சேர்கிறது. ஜாஹ் இல்லாதவனோ, முதல் வைத்திருந்தாலும், தன் முதலுக்கும் தன் முயற்சிக்கும் ஏற்ற அளவே பெறுகிறான்.

இதைப் படிப்பவர் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். முன்பே அவர் ஈட்டம் என்பது உழைப்பின் மதிப்பு என்று நிறுவிவிட்டார். இப்பொழுது, அம்மதிப்பு உழைத்தவனிடமே தங்குவதில்லை, செல்வாக்கின் பக்கம் சரிந்து ஓடுகிறது என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முதலாவதற்குப் பொருள் உண்டு. கூலி குறைவாயிருப்பது வேலையின் மதிப்புக் குறைவால் மட்டும் அன்று. வாங்குவோனுக்கும் கொடுப்போனுக்கும் இடையே உள்ள நிலை வேறுபாட்டாலும் ஆகும் என்பதே இதிலிருந்து பெறப்படுவது. மேடைப் பேச்சாளர் முதற் பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இரண்டாம் பாதி முன்வரிசையினர்க்கு இனிப்பதில்லை போலும்.

இக்கருத்துக்கு மேற்கு நாட்டார் வந்து சேர்ந்த வழி நீண்டது. ஆதம் ஸ்மித்தே, தொழிலாளர் ஒன்றுகூடினால் ஊரறியும் எனினும் முதலாளிகள் கூலியை உயர்த்தாதிருக்க எப்பொழுதும் சொல்லாமலே ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்று குறித்து வைத்தார். அவரைப் போற்றியவர்கள் அதை மறந்தனர். கூலி என்பது கத்தரிக்காய் விலை போன்றது. சட்டத்தால் உயர்த்தினால் வாங்குவோர் குறைவர். ஆகவே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஏழையின் வேலையையே பறிக்கும் என்பது நெடுங்காலம் கல்லூரிப் பாடமாக இருந்தது. 1933-இல் ஜோன் ராபின்சன் என்னும் கேம்பிரிட்ஜ் அம்மையார் வேறொரு நிலையை எடுத்துக் காட்டினார். விற்போர் பலர், கொள்வோன் ஒருவனே என்னும் சந்தை அது. உழைப்பை விற்போர் பலர். வேலை தருபவரோ அந்த ஊரில் ஒருவர் அல்லது இருவர். அப்பொழுது என்ன நிகழும்?

கணக்கு எளிது. ஓர் ஊரில் ஒரே பட்டறை. பத்துப் பேர் நாளொன்றுக்கு 300 ரூபாய்க்கு வேலை செய்கிறார்கள் என்று கொள்வோம். பதினோராவது ஆள் வர வேண்டுமானால் 320 கொடுத்தாக வேண்டும். அவனுக்கு 320 கொடுத்தால் பழைய பத்துப் பேரும் கேட்பர். அவர்களுக்குத் தலைக்கு 20 வீதம் 200 கூடும். ஆக, பதினோராவது ஆளால் முதலாளிக்குச் செலவு 320 அன்று, 520. அவன் வேலையால் வரும் பயன் 450 என்றால் முதலாளி அவனை எடுக்க மாட்டார். ஆளும் குறைவு, கூலியும் குறைவு. இப்பொழுது சட்டம் வந்து எல்லார்க்கும் 320 என்று விதித்துவிட்டது எனில், பழையவர்க்கு எப்படியும் 320 கொடுத்தாயிற்று. புதியவனுக்கு ஆகும் செலவு 320 மட்டுமே. அவனை எடுத்தால் 130 மிச்சம். சட்டம் கூலியை உயர்த்தியது, வேலையையும் உயர்த்தியது. கத்தரிக்காய்க் கணக்கு இங்கே செல்லாது. சட்டக் கூலி 450-ஐத் தாண்டினாலோ கதை மாறும் என்பதையும் மறைக்கலாகாது.

இது தாளில் போட்ட கணக்கு. மெய்யுலகில் சென்று எண்ணிப் பார்த்தவர்கள் டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் இருவர். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் தன் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4 டாலர் 25 சென்டிலிருந்து 5 டாலர் 5 சென்டாக உயர்த்தியது. அண்டை மாநிலமான பென்சில்வேனியாவில் மாற்றமில்லை. இரு பகுதிகளிலும் 410 துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்து, எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணினர். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அடையாளம் இல்லை. 1994-இல் இதை வெளியிட்டபோது பெரும் புயல் எழுந்தது. தொலைபேசியில் கேட்ட எண்ணிக்கையை நம்பலாமா என்று நியூமார்க்கும் வாஷரும் மறுத்தனர். சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி, வேலை குறைந்தது என்று 2000-இல் எழுதினர். அதே ஆண்டில் கார்டும் குரூகரும் அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டு விடையளித்தனர். பெருங்குறைவு எதையும் அவர்கள் காணவில்லை. குரூகர் 2019-இல் மறைந்தார். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. வழக்கு அதனோடு தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எந்த அளவு உயர்வு எந்தச் சந்தையில் தீங்கு செய்யும் என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கவே செய்தது. ஆனால் எந்த உயர்வும் எப்பொழுதும் வேலையைக் கொல்லும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாமற் போயிற்று.

இவ்விடத்தில் நம் வாசகர்களுள் சிறு வணிகர் ஒருவர் குறுக்கிட்டு, "ஹஸ்ரத், நான் இரண்டு பையன்களை வைத்துக் கடை நடத்துகிறேன். எனக்கு எந்த ஜாஹ் இருக்கிறது?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஜெர்மனி 2015 ஜனவரியில் முதன்முதலாக நாடு முழுவதற்கும் மணிக்கு 8.50 யூரோ என்று சட்டக் கூலி விதித்தது. பல இலட்சம் வேலைகள் போகும் என்ற எச்சரிக்கைகள் எழுந்தன. அவ்வாறு போகவில்லை. ஆனால் பின்னர் வந்த ஆய்வொன்று, குறைந்த கூலி பெற்றவர்களில் ஒரு சாரார் சிறு நிறுவனங்களை விட்டுக் கூடுதல் சம்பளம் தரும் பெரிய நிறுவனங்களுக்கு நகர்ந்ததைக் காட்டியது. பணியாளனுக்கு நன்மை, சிறு கடைக்காரருக்கு நெருக்கடி. இரண்டும் உண்மை. சிறு கடைக்காரரும் தம்மினும் பெரிய ஜாஹ் உடையவர்க்குக் கீழே இருப்பவர்தாம். வாடகையில், கடன் தவணையில் அவருடைய உழைப்பின் மதிப்பும் மேல்நோக்கி ஓடுகிறது. அதை அவர் தம் பையனின் கூலியில் ஈடுகட்ட நினைப்பது எளிது என்பதால் அது நேர்மையாகிவிடாது.

நகரக் கூலி பற்றி நான்காம் பாபில் இப்னு கல்தூன் சொல்லும் மூன்று காரணங்களும் இத்தொடர்பில் கருதத்தக்கவை. செழித்த நகரில் கைவினைஞரின் கூலி உயர்கிறது. ஒன்று, தேவை மிகுதி. மற்றொன்று, செல்வர் பலர் ஒரே வேலையாளுக்குப் போட்டியிடுவது. இவ்விரண்டும் எவரும் அறிந்தவை. நடுவில் ஒன்றை வைக்கிறார்: உணவு எளிதில் கிடைப்பதால் உழைப்பாளி தன் உழைப்புக்கு உயர்ந்த மதிப்புக் கேட்கத் துணிகிறான். பசியில்லாதவன் பேரம் பேசுவான் என்பதே பொருள். நம் நாட்டில் 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் ஆண்டுக்கு 100 நாள் வேலைக்கு உறுதி தந்தபோது, நிலமுடையவர்கள் "நூறு நாள் வேலை வந்த பிறகு ஆளே கிடைப்பதில்லை" என்று சலித்துக்கொண்டதை நாம் எத்தனை முறை கேட்டோம்! ஆள் மறைந்துபோகவில்லை. பழைய கூலிக்கு வரும் ஆள்தான் மறைந்தார். அச்சலிப்பே அந்த இரண்டாம் காரணத்துக்குச் சான்று.

இனி என் சொந்த வழக்குக்கு வருகிறேன். ஐந்தாம் பாபில் காழி, முஃப்தி, ஆசிரியர், இமாம், கதீபு, முஅத்தின் ஆகியோர் பெரும்பாலும் செல்வர் ஆவதில்லை என்று ஒரு ஃபஸ்லு இருக்கிறது. அதை முதன்முதல் ஓதியபோது சிரித்தேன். என் முப்பதாம் வயதில் மீண்டும் ஓதியபோது சிரிப்பு வரவில்லை. பொதுமக்களுக்கு இவர்களின் பணி அன்றாட அவசரத் தேவையாகப் படுவதில்லை என்பது அவர் கூறும் ஒரு காரணம். இவர்கள் தம் கல்வியின் மேன்மையால் ஜாஹ் உடையவர் வாசலில் போய் நிற்பதில்லை, நிற்க நேரமும் இல்லை என்பது இன்னொன்று. இதை அறிஞர் ஒருவரிடம் சொன்னபோது அவர் ஒப்பவில்லையாம். பிறகு கலீஃபா மஅமூனின் காலத்து அரசுக் கணக்கேட்டின் கிழிந்த தாள்கள் சில இப்னு கல்தூனின் கைக்குக் கிடைத்தன. அவற்றில் காழிகள், இமாம்கள், முஅத்தின்கள் ஆகியோரின் ஊதியம் குறித்திருந்தது. அத்தாள்களைக் காட்டியதும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வாதத்தைத் தாள் தீர்த்தது. நியூ ஜெர்சியில் கடை கடையாக எண்ணியவர்களின் முறையும் இதுவன்றோ? முன்னோடி என்று கைதட்ட வேண்டுமானால் இவ்விடத்தில் கைதட்டலாம்.

ஆயினும் இந்த ஃபஸ்லில் ஆசிரியரோடு எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. பொதுமக்களுக்குத் தேவையில்லை என்பதால் ஊதியம் குறைவு என்கிறார். தேவையில்லையா? நாள்தோறும் ஐந்து முறை பாங்கு ஒலிக்கத் தாமதமானால் மஹல்லாவே கேட்கிறது. மையித்தைக் குளிப்பாட்ட நள்ளிரவில் கதவைத் தட்டுகிறோம். பிள்ளைக்கு அலிஃபு, பே சொல்லிக் கொடுக்க ஆள் தேடுகிறோம். தேவை இருக்கிறது, கேட்கும் வலிமைதான் இல்லை. அவருடைய ஜாஹ் ஃபஸ்லே இவருடைய இந்த ஃபஸ்லுக்கு மறுப்பாக நிற்கிறது. தம் கருவியைத் தம் இனத்தாரிடம் வரும்போது மட்டும் அவர் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. மேலும், ஜாஹ் சிலருக்கு அமைந்திருப்பதை உலக ஒழுங்கின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டு விடுகிறார். நோயை இவ்வளவு நுட்பமாகக் கண்டவர் மருந்தின் பக்கம் திரும்பவில்லை. அவர் வைத்தியர் அல்லர், வரலாற்றாசிரியர் என்று அவருக்காக வாதாடலாம். எனக்கு அது நிறைவளிக்கவில்லை.

ஃபிக்ஹு நூல்களில் தீர்வு தேடுவோரும் ஓரிடத்தில் இடறுகிறார்கள். கூலி பேசப்படாத வேலைக்கு உஜ்ரத்துல் மிஸ்ல், அதாவது அதையொத்த வேலைக்கு வழங்கும் கூலி என்பது விதி. நல்ல விதி. ஆனால் எல்லா மஹல்லாக்களும் குறைத்தே கொடுத்தால் 'ஒத்த கூலி'யும் குறைந்த கூலியாகவே இருக்கும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணிக்கும் நபிமொழி நம் குழந்தைகளுக்கும் தெரியும். அது எப்பொழுது என்பதைச் சொல்கிறது. இங்கே வழக்கு எவ்வளவு என்பதில். வணக்கச் செயலுக்குக் கூலி கூடாது என்று முற்கால ஹனஃபி இமாம்கள் கொண்டதும், பைத்துல்மாலிலிருந்து மானியம் நின்ற பிறகு பிற்காலத்தார் அதை அனுமதித்ததும் மத்ரஸாவில் ஓதியவர் அறிவர். பின்னவர் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஆள் அமர்த்துகிறோம். சம்பளம் கேட்கும்போது மட்டும் முன்னவர் தீர்ப்பு நம் நினைவுக்கு வருகிறது. 1993-இல் அகில இந்திய இமாம் அமைப்பு தொடுத்த வழக்கில் இதே வாதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது: இமாமத் என்பது சமயக் கடமை, ஊதியத்துக்குரிய வேலை அன்று என்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வக்ஃபு வாரியங்கள் இமாம்களுக்கு ஊதியம் வழங்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நம் வீட்டு வழக்கை நாமே தீர்த்திருக்கலாம்.

ஹாஜியாரின் கூற்றை இப்பொழுது மீண்டும் எடுத்துப் பார்க்கிறேன். தங்க இடம், வீட்டுச் சாப்பாடு, ஹதியா. மூன்றும் மோதினாருக்குப் பயன்படுவன என்பதில் ஐயமில்லை. ஆனால் இம்மூன்றும் பிறர் விருப்பத்தில் தொங்குவன. வீட்டுச் சாப்பாடு வரும் வீட்டில் அவர் கடைக்கும் போக வேண்டும், கேஸ் சிலிண்டரையும் தூக்க வேண்டும். மறுத்தால் மறுநாள் சாப்பாட்டில் தெரியும். இப்னு கல்தூன் வகுத்த ஜாஹ் இதுவே. அரசவையிலிருந்து நம் தெருவுக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவே. கையில் எண்ணிக் கொடுக்கும் சம்பளம் மட்டுமே அவரை இந்த நயப்பிலிருந்து விடுவிக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால், கிதாபைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாஜியாரின் கடைக்குச் சென்றேன். மஅமூனின் கணக்குத் தாள்களைப் பற்றிய பகுதியை ஓதித் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வணிகர் அல்லவா, முடிந்ததும் முதற் கேள்வி இதுதான்: "அந்தத் தாளில் முஅத்தினுக்கு எவ்வளவு போட்டிருந்தது, ஹஸ்ரத்?" தொகையை ஆசிரியர் எழுதவில்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கடைப் பையனை அழைத்து, பள்ளிவாசல் அலமாரிச் சாவியைக் கொடுத்து, பழைய சம்பளப் பேரேடுகளை எடுத்து வரச் சொன்னார்.